எல்லாருக்கும் புரியும்படி பேசினேன்!

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு கல்லூரியில் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, வகுப்பில் எல்லாருக்கும் அக்காவாக இருந்தேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். எனக்கு முப்பத்தாறு வயது. மூத்த மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்காரும் பெண்களோ போன வருடம்தான் டிகிரி முடித்தவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது, புதிதாக வந்த மேடம் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. நானும் பதற்றத்தில் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அதை வைத்து மாசக்கணக்கில் ஓட்டினார்கள்.

அந்த வகுப்பில் எனக்கு எமன் ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள் கடைசி மணி நேரம் பேச்சுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொருவராக முன்னால் போய் நின்று பேச வேண்டும். பேசி முடித்ததும் உட்காரவும் முடியாது. எங்கள் மேடம், "சொல்லுங்க, எப்படிப் பேசினீங்க?" என்று கேட்பார். பேசியவரே தன் பேச்சைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கலாம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு, உங்கள் வகுப்பில் உட்கார்ந்து யாரும் நல்லது கெட்டது சொல்லப்போவதில்லை, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மேடத்தின் கட்சி.

நம் ஆட்களுக்குப் பேச்சைவிட இதுதான் பெரிய கஷ்டம். நாலு பேர் முன்னால் "நான் நல்லா பேசினேன்" என்று எப்படிச் சொல்வது? தற்பெருமை என்பார்கள், கண் பட்டுவிடும் என்பார்கள். அதனால் நன்றாகப் பேசிய பெண்ணும் "இன்னும் நல்லா பேசியிருக்கலாம் மேடம்" என்று தலையைக் குனிந்துகொள்ளும். மேடம் விடமாட்டார். "அது எனக்கும் தெரியும். நல்லா செஞ்சது ஒண்ணு சொல்லிட்டு உக்காருங்க" என்பார். ஒரு பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சேலை மடிப்பு கலையாம நின்னேன் மேடம்" என்றது.

நான் அதற்குள் இரண்டு முறை பேசியிருந்தேன். முதல் முறை, மனப்பாடம் செய்துகொண்டு போனது மூன்றாவது வரியில் மறந்துவிட்டது. இரண்டாவது முறை, எதற்கு வம்பு என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் தாள் சலசலவென்று அடித்த சத்தம் என் குரலைவிடப் பெரிதாகக் கேட்டது. எப்படிப் பேசினேன் என்று கேட்டபோது மட்டும் எனக்குத் தடையே இல்லை. குரல் எழும்பவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை, கால் நிலையாக நிற்கவில்லை என்று என் குறைகளை மடமடவென்று அடுக்கினேன். நல்லா செஞ்சது ஒண்ணு சொல்லுங்க என்றதும், "சீக்கிரம் முடிச்சுட்டேன் மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன். உள்ளே என்னவோ அறுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். அதனாலேயோ என்னவோ, ரொம்பத் தயங்கிச் சொன்னார். "அடுத்த மாசம் எல்லாரையும் ஸ்கூலுக்கு டீச்சிங் பிராக்டிஸ் அனுப்பணும். பிள்ளைங்க முன்னால உங்கள இப்படி நிறுத்துனா நீங்கதான் நொந்துபோவீங்க. அடுத்த பேச்சையும் பாக்குறேன். சரியா வரலன்னா அடுத்த வருஷம் போயிக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் இருப்பவள் ஒரு முறை படிப்பை நிறுத்தினால் அவ்வளவுதான். அடுப்பும் துணியும் பிள்ளைகளின் பரீட்சையும் சேர்ந்து அவளை உள்ளே இழுத்துப் போட்டுவிடும். அடுத்த பேச்சும் சொதப்பினால் படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்தப் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டதே என் அப்பாதான். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது ராஜபாளையம். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ் பேசும் வீட்டுக்கு வந்தபோது, நைனா சாதியைப் பற்றியோ சனத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளைகளுக்கு நம்ம பேச்சு வராமப் போயிருமே" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அவர் சொன்னபடியேதான் ஆனது. என் பிள்ளைகள் தெலுங்கில் ஒரு சொல் தெரியாமல்தான் வளர்ந்தார்கள்.

நான் பி.எட். சேர்ந்த வருடம் பங்குனியில் நைனா போய்விட்டார். அம்மா முன்பே இல்லை. நான் ஒரே பெண். ராஜபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டு நான் கூட்டிக்கொண்டு வந்தது நைனாவின் நாயை மட்டும்தான். ராஜபாளையம் ஜாதி நாய், உடம்பெல்லாம் வெள்ளை. பெயர் சின்னோடு. சின்னப் பயல் என்று அர்த்தம். உயரம் என்னவோ என் இடுப்பு வரைக்கும் வரும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். அந்த முறை தலைப்பு, 'நான் கவனித்த ஒன்று'. நான் எறும்பின் சுறுசுறுப்பைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொன்னால் எறும்பை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. சர்க்கரை டப்பாவில் ஏறினால் டப்பாவை வெயிலில் வைப்பேன், அதோடு சரி. பள்ளியில் கட்டுரை எழுதிய பழக்கத்தில் நல்ல இலக்கணத் தமிழில் எழுதி, பாத்திரம் விளக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லி உருப்போட்டேன். என் அத்தை, அதாவது மாமியார், "எறும்பு எறும்புன்னு எம்புட்டு நேரமாட்டி பேசிக்கிட்டு இருக்க, மருந்து வாங்கிப் போடு" என்றார்.

காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், "இன்னிக்குச் சரியா வரலன்னா நாளையிலேருந்து போகமாட்டேன்" என்றேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "பேசிட்டு வா. மத்தத பொறவு பாப்போம்" என்றார்.

வகுப்பில் எனக்கு நெருக்கமான ஒரு பெண் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் அவள் வாப்பாவுக்குப் பாத்திரக்கடை. ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பெஞ்சில் உட்காருவோம். அவளிடம் என் செல்போனைக் கொடுத்து, நான் பேசுவதை வீடியோ எடுக்கச் சொன்னேன். கை எந்த இடத்தில் நடுங்க ஆரம்பிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

முன்னால் போய் நின்றேன். வணக்கம் சொன்னேன். "ஊர்வன யாவற்றினும் சிறியதாயினும் உழைப்பினால் உயர்ந்து நிற்பது எறும்பு" என்று ஆரம்பித்தேன். அடுத்து இரண்டு வாக்கியம் வந்தது. அதற்கப்புறம் எறும்பு எந்தப் பொந்துக்குள் போனதோ, வரவே இல்லை. தலையைக் குனிந்தேன். எங்கள் கல்லூரிச் சீருடை கருநீலச் சேலை. அதில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முடி ஒட்டியிருந்தது. காலையில் சின்னோடு வந்து உரசிவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பார்த்ததும் என்னையறியாமல், "எங்க வீட்டுக்கு ஒரு நாய் வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

எறும்பு இருந்த இடத்தில் திடீரென்று நாய் வந்ததும் வகுப்பு கலகலவென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று அந்த நாயைப் பற்றியே பேசினேன்.

நைனா போனபிறகு அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டு வாசலில் படுத்தது எழுந்திருக்கவே இல்லை. சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை கறி எலும்பு வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் பிஸ்கட் போட்டார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் குத்தவைத்து "சாப்பிடுடா, சாப்பிடுடா" என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. சோற்றுத் தட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்தேன். நைனா தினமும் அதைக் கூப்பிடுவது போல, "ரா சின்னோடா, தினு" என்றேன். வாடா சின்னோடா, தின்னு என்று அர்த்தம். சடாரென்று காதைத் தூக்கியது. எழுந்து வந்து என் தோளில் மூக்கை வைத்தது. பிறகு தட்டைக் காலி செய்தது. அதுவரை நாங்கள் எல்லாரும் அதனிடம் தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தோம். நைனா போனதிலிருந்து நானுமே ஒரு வார்த்தை தெலுங்கு பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு அன்று அழுதது போல நான் சாவு வீட்டில்கூட அழவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். நாய் முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்திருந்ததைச் செய்து காட்டினேன். அத்தை எலும்பை வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்த்ததைச் செய்து காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கடைசிக்கு வந்தபோது அழுதுகொண்டே பேசினேன். முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாக நின்றுவிட்டார். மணி அடித்த பிறகும் நான் பேசினேன், யாரும் பையை எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே முடித்தேன், கைதட்டல் நிற்கவே இல்லை. என் கைகளைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை.

"சொல்லுங்க, எப்படிப் பேசினீங்க?" என்று மேடம் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "நல்லா பேசினேன் மேடம். கஷ்டமான வார்த்தை எதுவும் போடாம, எல்லாருக்கும் புரியும்படி பேசினேன்."

முன் பெஞ்சுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். மேடம் வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா. நீங்க சொன்னது சரிதான்" என்றார். மற்றவர்களை அபிப்பிராயம் கேட்டார். ஒருத்தி, "அக்கா முகத்த விட்டுக் கண்ண எடுக்கவே முடியல மேடம்" என்றாள். இன்னொருத்தி, "அந்த நாய் படுத்திருந்த மாதிரி செஞ்சாங்கல்ல, அது அப்படியே இருந்துச்சு" என்றாள். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. "அடுத்த மாசம் ஸ்கூலுக்குப் போறீங்க" என்றார் மேடம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பால்கோவா வாங்கினேன். எங்கள் ஊர்க்காரர்கள் அதை விருந்தாளிகளுக்கு வாங்குவோமே தவிர, நாங்களாக வாங்கித் தின்பது அபூர்வம். அன்று எனக்கு நானே விருந்தாளி.

சாயங்காலம் எல்லாரும் வந்ததும் டீயோடு உட்கார்ந்து வீடியோவைப் போட்டேன். எறும்பு காணாமல் போன இடத்தில் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எலும்பு வைத்த கதை வந்ததும் அத்தை, "என்னயும் இழுத்து விட்டுட்டியா?" என்றார். முகத்தில் பெருமை வழிந்தது. கொஞ்ச நேரம் போனது. சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் செல்போனைக் காதுப் பக்கம் கொண்டுபோனார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். என் மகள்தான் கேட்டாள்.

"அம்மா, இது நீ சின்னோடுகிட்ட பேசுற பாஷைல்ல?"

எனக்குப் புரியவில்லை. செல்போனைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பார்த்தேன். நைனா போல "ரா சின்னோடா, தினு" என்று சொல்கிறேனே, அது வரைக்கும் தமிழ். அதற்குப் பிறகு தமிழ் திரும்பவே இல்லை! நாய் எழுந்து வந்ததும் தெலுங்கு, தட்டைக் காலி செய்ததும் தெலுங்கு. பிறகு பின்னால் போய், நைனா அதைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்ததிலிருந்து விலாவாரியாகச் சொல்லியிருக்கிறேன், அத்தனையும் தெலுங்கு. எங்கள் ராஜபாளையம் தெருத் தெலுங்கு. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒரு இடத்தில் தடங்கல் இல்லாமல் பேசுகிறேன். எங்கள் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்று என்னைத் தவிர ஒருத்தர் கிடையாது. அப்படிப் பேசிவிட்டுத்தான், எல்லாருக்கும் புரியும்படி பேசினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

செல்போனிலிருந்து என் குரல் மறுபடியும் "ரா சின்னோடா" என்றதும், வாசலில் படுத்திருந்த சின்னோடு எழுந்து உள்ளே வந்து, எங்கே சோறு என்பது போல எல்லாரையும் பார்த்தது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இது எனக்கு முதல் தடவை இல்லை. ஆறாம் வகுப்புக்கு என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்க எழுந்து நின்றபோது, பாதியில் மறந்துபோன பதற்றத்தில் வாயில் தெலுங்கு வந்துவிட்டது. அன்று வகுப்பு சிரித்த சிரிப்பும், அதற்குப் பிறகு வருடம் முழுக்க என் பின்னால் வந்த பட்டப்பெயரும் யாரிடமும் நான் சொல்லாதவை. அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்கும்போதெல்லாம், ஒவ்வொரு வார்த்தையையும் இது தமிழ்தானா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். அப்படித் தடவிக்கொண்டே இருப்பவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? இவ்வளவு வருடம் பயந்து பயந்து காத்தது, கடைசியில் என் வாயாலேயே போய்விட்டது. இவர்களும் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் காலையில் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் என் பையை எடுத்து வாசலில் வைத்தார். "ஏட்டி, நேத்து பேசிட்டு வான்னு சொன்னேன், பேசிட்டு வந்த. இன்னிக்குப் போயிட்டு மட்டும் வா. ஒண்ணும் பேச வேண்டாம்."

பஸ்ஸில் அந்தப் பாத்திரக்கடைப் பெண் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் கேட்டேன். "நேத்து நான் தெலுங்குல பேசுறேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்கல்ல?" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "நானும் மொதல்ல முழிச்சேன்க்கா. மேடத்தத்தான் பாத்தேன். அவிய என்ன செஞ்சாங்கன்னு வீடியோவுல பாருங்க."

அந்த இடத்தைத் தேடிப் போட்டேன். முந்தின நாள் பதற்றத்தில் நான் கவனிக்காமல் விட்டது. நான் தெலுங்குக்கு மாறி ஓரிரு வாக்கியம் போனதும், அவள் திகைத்துத் திரும்பியதில் செல்போனும் கூடவே திரும்பியிருக்கிறது. என் முகம் போய் மேடத்தின் முகம் வருகிறது. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து, வகுப்பைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார். கையை மெல்ல அசைத்து, பேசட்டும், பேசட்டும் என்கிறார். பிறகு செல்போன் மறுபடி என்னிடம் வந்துவிடுகிறது. நான் ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"புரியாம எதுக்குச் சிரிச்சீங்க, எதுக்கு அழுதீங்க?" என்றேன்.

"யாரு சொன்னா புரியலன்னு? மூஞ்சியப் பாத்தாலே அம்புட்டும் தெரிஞ்சுச்சு. நீங்க போன பொறவு நாங்க யாரும் வீட்டுக்குப் போகலக்கா. செத்த நேரம் உக்காந்து ஆளுக்கு ஒண்ணா சொல்லிக் கதைய ஒட்டுனோம். ராஜபாளையத்துப் பிள்ளைக ரெண்டு பேரு தெருவுல கேட்டத வச்சு அங்கங்க அர்த்தம் சொல்லுச்சுக. எல்லாம் சேந்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தெரியல." அவள் தயங்கினாள். "கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. கடைசியில அந்த நாய் இருக்கா, செத்துப்போச்சா?"

நான் கடைசியில் அழுததை வைத்துப் பாதிப் பேர் நாய் செத்துவிட்டது என்றும், நான் சிரித்துக்கொண்டே முடித்ததை வைத்து மீதிப் பேர் உயிரோடு இருக்கிறது என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லார் முகமும் என் மேல் இருந்தது. கேலி செய்யும் முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கதையின் முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம்தான் இருந்தது. யாரும் கூப்பிடாமல் நானே முன்னால் போய் நின்றேன்.

"சின்னோடு இருக்கு" என்றேன். "நேத்து பால்கோவாவும் தின்னுச்சு."

ஒரு பக்கம் ஓ என்று கூச்சல் போட்டது. "நான்தான் சொன்னேன்ல!" என்று ஒருத்தி மேசையைத் தட்டினாள். தோற்ற கட்சிக்குத்தான் ஜெயித்த கட்சியைவிடச் சந்தோஷம். "முழுசா தமிழ்ல சொல்லுங்கக்கா" என்றார்கள். சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் தமிழ் வார்த்தை சிக்கவில்லை. தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று அவர்களையே கேட்டேன். ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். மேடம் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது.

கதை முடிந்ததும் நான் அவரிடம் போனேன். "ஏன் மேடம் நிறுத்தல? நான் வேற எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னு பெருமையடிச்சேன்."

"புரிஞ்சுதே. எனக்கும் புரிஞ்சுது" என்றார். "அதுக்கு முன்னால ரெண்டு தடவ தமிழ்லதான் பேசினீங்க. அது யாருக்குப் புரிஞ்சுது?" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "நேத்துத்தான் நீங்க எங்களப் பாத்துப் பேசினீங்க. அத நிறுத்த எனக்கு மனசு வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லத்தான் நினைத்தேன், வாயில் வரவில்லை. தமிழிலும் வரவில்லை, தெலுங்கிலும் வரவில்லை.

படிப்பை முடித்துவிட்டேன். இப்போது வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். நைனா இருந்திருந்தால், சின்னோட்டைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து பார்த்திருப்பார். வீட்டில் என் பிள்ளைகள் அதனிடம் பேசிப் பேசியே கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டுவிட்டார்கள். அத்தை பேசும் தெலுங்கைக் கேட்டு அதற்கே சிரிப்பு வருமோ என்னவோ, ஆனால் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போகிறது.

என் வகுப்பில், மில் வேலைக்கு வடக்கே இருந்து வந்த குடும்பத்துப் பெண் பிள்ளை ஒன்று படிக்கிறது. போன மாதம் தன் ஊரைப் பற்றிப் பேச எழுந்து நின்றது. கொஞ்சம் தமிழில் பேசியது, ஆறு ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்தபோது இந்திக்குப் போய்விட்டது. பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்து நின்று உதட்டில் விரல் வைத்தேன். வகுப்பு அடங்கியது. எனக்கு இந்தி தெரியாது. அந்த ஆற்றில் அவள் யாரோடு குளித்தாள், எதற்குச் சிரித்தாள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. முடித்ததும், "சொல்லும்மா, எப்படிப் பேசின?" என்று கேட்டேன். "நல்லா பேசினேன் டீச்சர்" என்றது.

அந்தப் பிள்ளை உட்கார்ந்ததும் எனக்கு என் பி.எட். வகுப்புதான் நினைவுக்கு வந்தது. அன்று என்னிடம் அதே கேள்வியைக் கேட்டபோது நான் நன்றாகப் பேசினேன் என்று மட்டும்தான் சொன்னேன். அவர்கள் எவ்வளவு நன்றாகக் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது என் பேச்சை யார் பாராட்டினாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.